ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த மூதாதையரைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மருமகனோ மருமகளோ ஜெர்மன் வழி வந்தவராக இருப்பது இப்போது அபூர்வம் இல்லை. பேரப்பிள்ளைகளுக்காகக் குடும்ப வரலாறு எழுத உட்காரும்போது ஒரு பக்கம் கொள்ளுத்தாத்தாவின் ஊர், தெரு வரை நிரம்பிவிடும். இன்னொரு பக்கம் "ஜெர்மனியிலிருந்து வந்தவர்" என்ற ஒரே வரியோடு நிற்கும். அந்த வரிக்குப் பின்னால் போக விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கணவர் வீட்டார் அன்றைய பிரஷ்யாவின் பால்டிக் கடலோர மாகாணமான பொமரேனியாவிலிருந்து விஸ்கான்சினுக்கு வந்தவர்கள். அவர்களைத் தேடியபோது கற்றுக்கொண்டதும், அதன் பிறகு நண்பர்கள் கேட்ட கேள்விகளும் இங்கே இருக்கின்றன. அமெரிக்காவுக்கு வந்தவர்களைப் பற்றியே முக்கியமாகப் பேசுகிறேன்.

ஜெர்மன் ஆவணங்களில் நேராகப் பெயரைப் போட்டுத் தேடலாமா?

அவசரப்பட வேண்டாம். ஜெர்மனி முழுவதற்கும் பொதுவான பழைய பிறப்புப் பட்டியல் எதுவும் கிடையாது. 1871 வரை ஜெர்மனி என்ற ஒரே நாடும் இல்லை. பிரஷ்யா, பவேரியா, வ்யூர்ட்டம்பெர்க், பாடன், ஹெஸ்ஸே என்று தனித்தனி அரசுகள்தான் இருந்தன. யார் பிறந்தார், யார் செத்தார் என்று எழுதி வைத்தவர் அந்தந்த ஊர்ப் பாதிரியார். அதனால் ஊர் தெரிந்தால்தான் சரியான பதிவேட்டை எடுக்க முடியும். தெரியாவிட்டால், யோஹான் ஷ்மிட் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்களில் உங்களுடையவர் யார் என்று சொல்லவே முடியாது.

அந்த ஊர்ப் பெயர் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே எங்காவது எழுதப்பட்டிருக்கும். இந்தத் தேடலில் பாதிக்கு மேல் அமெரிக்க வேலைதான். முதலில் வீட்டுக்குள் பாருங்கள்: குடும்ப பைபிளின் முன்பக்கங்கள், திடப்படுத்தல் சான்றிதழ், பழைய கடித உறைகள், புகைப்பட அட்டையின் அடியில் அச்சிட்ட ஸ்டுடியோவின் ஊர். வயதான அத்தை, பெரியப்பா யாராவது இருந்தால் அவர்களிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள். ஆவணம் அடுத்த வருஷமும் இருக்கும்.

ஊர்ப் பெயர் எந்த அமெரிக்க ஆவணத்தில் கிடைக்கும்?

என் அனுபவத்தில் தேவாலயப் பதிவேடுதான் முதலிடம். ஜெர்மன் குடியேறிகள் போன இடமெல்லாம் தங்கள் சபையை நிறுவினார்கள். அங்கிருந்த பாதிரியாரும் ஜெர்மன்காரர், பதிவேடும் ஜெர்மன் மொழியில். அரசாங்க எழுத்தர் "ஜெர்மனி" என்று எழுதிவிட்டு நகர்ந்த இடத்தில், பாதிரியார் கிராமத்தின் பெயரையும் மாவட்டத்தையும் எழுதியிருப்பார், எழுத்துப் பிழையில்லாமலும் எழுதியிருப்பார். திருமணப் பதிவையும் அடக்கப் பதிவையும் தவறாமல் பாருங்கள். மாநில அரசின் இறப்புச் சான்றிதழில் இல்லாதது அடக்கப் பதிவில் இருக்கும்.

அடுத்தது ஜெர்மன் மொழிச் செய்தித்தாள்களில் வந்த இரங்கல் செய்திகள். 19ஆம் நூற்றாண்டில் நியூயார்க், பால்டிமோர், சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ், மில்வாக்கி எல்லாவற்றிலும் ஜெர்மன் பத்திரிகைகள் வந்தன. பால்டிமோரில் வெளியான 'டெர் டாய்ச்சே கொரெஸ்பொண்டென்ட்' போன்றவற்றை அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் செய்தித்தாள் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அதே ஆளுக்கு ஆங்கிலப் பத்திரிகையில் இரண்டு வரி, ஜெர்மன் பத்திரிகையில் பிறந்த ஊரோடு ஒரு பத்தி என்று இருப்பது வழக்கம்.

கல்லறைக் கல்லை மறக்காதீர்கள். லூத்தரன் கல்லறைகளில் பிறந்த ஊரைக் கல்லில் வெட்டும் பழக்கம் உண்டு.

குடியுரிமை விண்ணப்பம் காலத்தைப் பொறுத்தது. 1906 செப்டம்பருக்கு முந்தையவற்றில் பெரும்பாலும் "பிரஷ்ய மன்னருக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன்" என்ற அளவில்தான் இருக்கும். அதன் பிறகு வந்த படிவங்களில் பிறந்த ஊர், தேதி, கப்பல் எல்லாம் கேட்டார்கள். திருமணமான பெண்களைத் தனியாகத் தேடிப் பயனில்லை. 1922 வரை கணவரின் குடியுரிமையே மனைவிக்கும் வந்தது.

இவை தவிர, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் ஜெர்மனியில் பிறந்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர் போரிட்டார்கள். அவர்களுடைய ஓய்வூதியக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன, சிலவற்றில் விதவை கொடுத்த சாட்சியங்களே பக்கம் பக்கமாக இருக்கும். 1936க்குப் பிறகு சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பித்தவர்கள் பெற்றோர் பெயரை எழுத வேண்டியிருந்தது. 1942 ஏப்ரலில் நடுத்தர வயது ஆண்களிடம் எடுத்த ராணுவப் பதிவில் பிறந்த ஊர் உண்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என்ன பார்க்க வேண்டும்?

1850 முதல்தான் வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரும் எழுதப்பட்டது. 1900 கணக்கெடுப்பில் பிறந்த மாதம், ஆண்டு, அமெரிக்கா வந்த ஆண்டு இருக்கும். 1920இல் குடியுரிமை பெற்ற ஆண்டும் சேர்ந்தது. ஜெர்மனியில் பிறந்தவர்களிடம் மாகாணத்தையும் கேட்கச் சொல்லியிருந்ததால் சிலருக்கு "பொமரேனியா" "ஹானோவர்" என்று கிடைக்கும். 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீ விபத்தில் போய்விட்டது. அந்த இருபது வருஷ இடைவெளியை நகர முகவரிப் புத்தகங்கள், மாநிலக் கணக்கெடுப்புகள், தேவாலயப் பதிவுகள் கொண்டுதான் நிரப்ப வேண்டும்.

ஒரு கணக்கெடுப்பில் "ஹானோவர்", அடுத்ததில் "பிரஷ்யா" என்று இருக்கிறது. இரண்டு வேறு ஆட்களா?

ஒரே ஆளாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 1866 போருக்குப் பின் பிரஷ்யா ஹானோவரையும், ஹெஸ்ஸே-காஸ்ஸல், நாஸாவ், பிராங்க்ஃபர்ட், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் ஆகியவற்றையும் இணைத்துக்கொண்டது. 1860இல் ஹானோவர்காரர் 1870இல் பிரஷ்யாக்காரர் ஆனது அப்படித்தான். பிரஷ்யாவே ரைன் நதிக்கரையிலிருந்து இன்றைய லிதுவேனியா வரை பரந்திருந்த நாடு என்பதால் "பிரஷ்யா" என்ற குறிப்பு மட்டும் உங்களை எங்கும் கொண்டுபோகாது.

வீட்டில் "ஹாம்பர்க்கிலிருந்து வந்தார்" என்று சொன்னால் அதையும் எச்சரிக்கையாகக் கேளுங்கள். அது கப்பலேறிய துறைமுகமாக இருக்கலாம்.

நியூயார்க் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்களாமே?

கிட்டத்தட்ட எல்லாக் குடும்பமும் சொல்லும் கதை இது, நடந்தது வேறு. பயணியர் பட்டியலைக் கப்பல் நிறுவனம் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிவிட்டது. எல்லிஸ் தீவு அதிகாரிகள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களைச் சரிபார்த்தார்கள். மேலும் எல்லிஸ் தீவு திறந்தது 1892 ஜனவரி 1. ஜெர்மானியர்கள் அதிகமாக வந்தது அதற்கு முன்னால்: 1854இல் 2 லட்சத்துக்கு மேல், 1882இல் சுமார் 2.5 லட்சம் பேர். அவர்களில் நியூயார்க் வழியாக 1855க்குப் பின் வந்தவர்கள் இறங்கியது காசில் கார்டனில். அதற்கும் முன்னால் வந்தவர்களுக்குத் தனி நிலையமே கிடையாது.

பெயர் மாறியது இங்கே வாழ்ந்த வாழ்க்கையில். ஷ்மிட் ஸ்மித் ஆனார், ம்யூல்லர் மில்லர் ஆனார், ஷ்னைடர் ஸ்னைடராகவோ டெய்லராகவோ ஆனார், ட்ஸிம்மர்மான் கார்பென்டர் ஆனார். பள்ளி ஆசிரியர், நிலப்பத்திரம் எழுதியவர், மளிகைக் கடைக்காரர் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. இன்னொரு பெரிய அலை 1917–18இல் வந்தது. அமெரிக்கா ஜெர்மனியோடு போரில் இறங்கியதும் ஜெர்மன் பெயரே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. அயோவாவில் பொது இடத்திலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று ஆளுநரே 1918இல் ஆணை பிறப்பித்தார். ஆராதனையை ஆங்கிலத்துக்கு மாற்றிய சபைகள் பல. அந்த இரண்டு வருஷத்தில் குடும்பங்கள் மறைத்த விஷயங்களைத்தான் இன்று பேரன் பேத்திகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

பெயரின் எழுத்துகளிலும் கவனம் வேண்டும். நம்முடைய 'ப' பல்லில் ஒரு மாதிரியும் அன்பில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது அல்லவா? தென்ஜெர்மன் பேச்சில் அந்த இரண்டு ஒலிகளும் கலந்துவிடும், க, ட வரிசைகளிலும் அப்படியே. ஆகவே ஆங்கிலத்தில் 'கே' எழுத்தில் தொடங்கும் பெயரை 'ஜி'யிலும் தேடிப் பாருங்கள்.

கப்பல் பட்டியலில் கண்டுபிடிக்க முடியுமா?

எந்தத் துறைமுகம் என்பதைப் பொறுத்தது. ஹாம்பர்க்கிலிருந்து போனவர்களின் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் தப்பியிருக்கின்றன, பயணியின் முந்தைய வசிப்பிடத்தையும் சொல்கின்றன. இதில் இரண்டு தொகுதிகள் உண்டு: நேரே அமெரிக்கா போனவர்கள் ஒன்று, இங்கிலாந்தில் ஹல், லிவர்பூல் வழியாகக் கப்பல் மாறிப் போனவர்கள் இன்னொன்று. முதலாவதில் இல்லையென்றால் இரண்டாவதையும் பார்த்துவிட்டுத்தான் கைவிட வேண்டும்.

பிரேமன் வழியாகப் போனவர்கள் ஹாம்பர்க்கைவிட அதிகம். ஆனால் அந்தப் பட்டியல்களை இடம் போதவில்லை என்று அலுவலகமே அவ்வப்போது அழித்துவிட்டது, மிச்சம் இரண்டாம் உலகப் போரில் போனது. 1920–1939 காலத்துப் பட்டியல்களில் ஒரு பகுதி மட்டும் இருக்கிறது. பாடன், பலாட்டினேட், அல்சாஸ் மக்கள் பலர் பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகம் போனார்கள். நியூ ஆர்லியன்சிலிருந்து பருத்தி ஏற்றிவந்த கப்பல்கள் திரும்பும்போது ஆட்களை ஏற்றிக்கொண்டன. உங்கள் ஆள் மிசூரியிலோ இண்டியானாவிலோ வாழ்ந்தவர் என்றால் நியூ ஆர்லியன்ஸ் பட்டியலைப் பாருங்கள். டெக்சாஸ் என்றால் கால்வெஸ்டன்.

அமெரிக்கப் பக்கத்தில் 1820 முதல் பட்டியல்கள் உள்ளன, ஆனால் தொடக்கத்தில் நாட்டின் பெயர்தான் இருக்கும். 1906–07 வாக்கில்தான் பிறந்த ஊரும், சொந்த நாட்டில் உள்ள நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் சேர்ந்தன.

எல்லாம் பார்த்தாயிற்று. ஊர் கிடைக்கவில்லை. இனி?

உங்கள் ஆளை ஓரமாக வைத்துவிட்டு அவரைச் சுற்றி இருந்தவர்களைத் தேடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நீங்கள் நினைவில் வைப்பதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும்.

ஜெர்மன் கிராமத்தார் தனியாகப் புலம்பெயரவில்லை. முதலில் ஒருவர் வருவார், கடிதம் எழுதுவார், அடுத்த வருஷம் தம்பி வருவான், பிறகு மச்சான் குடும்பம், பிறகு பக்கத்து வீட்டார். விஸ்கான்சினில் மில்வாக்கிக்கு வடக்கே உள்ள ஃப்ரைஸ்டாட் 1839இல் பொமரேனியாவிலிருந்து கூட்டமாக வந்த பழைய லூத்தரன்கள் நிறுவிய ஊர். பிரஷ்ய மன்னர் லூத்தரன், சீர்திருத்தச் சபை இரண்டையும் 1817இல் ஒன்றாக்கியதை ஏற்காமல் கிளம்பியவர்கள் அவர்கள். அங்கே ஒரு குடும்பத்தின் ஊரைக் கண்டுபிடித்தால் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் ஊரும் அருகில்தான் இருக்கும்.

குழந்தைகளின் ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோர் யார்? திருமணத்துக்குச் சாட்சி யார்? நிலத்தை யாரிடம் வாங்கினார்? கல்லறையில் பக்கத்துக் குழி யாருடையது? அவர்களுடைய இரங்கல் செய்தியைத் தேடுங்கள். என் மாமனாரின் கொள்ளுத்தாத்தா எங்கும் ஊர் பெயர் விட்டுச் செல்லவில்லை. அவருடைய தங்கையின் அடக்கப் பதிவில்தான் கிராமம் எழுதியிருந்தது. கல்யாணமாகிக் குடும்பப் பெயர் மாறியிருந்ததால் அதுவரை யாரும் அவரைத் தேடவே இல்லை.

குடும்பப் பெயர் அபூர்வமானது என்றால் இன்னொரு வழி உண்டு. முதல் உலகப் போரில் இறந்த, காயம்பட்ட ஜெர்மன் வீரர்களின் பட்டியல்களைக் கணினி வம்சாவளிச் சங்கம் தன் தளத்தில் தேடும்படி ஏற்றியிருக்கிறது. அதில் வீரர்களின் ஊர் உண்டு. உங்கள் பெயர் எந்தப் பகுதியில் குவிந்திருக்கிறது என்று பார்த்தால் தேடும் வட்டம் சுருங்கும்.

ஊர் கிடைத்துவிட்டது. ஆனால் அதே பெயரில் பல ஊர்கள் இருக்கின்றனவே?

நொய்ஷ்டாட், ஸ்டைன்பாக், ம்யூல்ஹவுஸன் எல்லாம் ஜெர்மனி முழுக்க இருக்கும் பெயர்கள். 1912இல் வெளிவந்த மேயர்ஸ் ஊர் அகராதி ஜெர்மன் பேரரசின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களைப் பட்டியலிடுகிறது, வரைபடத்தோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்த மாவட்டம், பதிவு அலுவலகம் எந்த ஊரில், அருகில் எந்தெந்தச் சபை என்று எல்லாம் சொல்லிவிடும். சின்னக் கிராமத்துக்குச் சொந்தத் தேவாலயம் இருக்காது, பக்கத்து ஊரில்தான் ஞானஸ்நானம் நடந்திருக்கும். பதிவேடு அந்தப் பக்கத்து ஊர் பெயரில் இருக்கும்.

ஜெர்மன் தேவாலயப் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன?

பிராட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கு 'ஆர்கியோன்' என்ற கட்டணத் தளம். பெரும்பாலான மாநிலச் சபைகள் தங்கள் புத்தகங்களை அங்கே ஏற்றியிருக்கின்றன. ஒரு மாதச் சந்தாவே போதும், பார்க்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டுக்கொண்டு பிறகு கட்டுங்கள். கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கு 'மாத்ரிகுலா' இலவசம். பாஸாவ், ம்யுன்ஸ்டர், பாடர்போர்ன் மறைமாவட்டங்களை அங்கே பார்க்கலாம். மார்மன் சபையார் நடத்தும் 'ஃபேமிலிசர்ச்' தளமும் இலவசம். அவர்கள் பல பத்தாண்டுகளாகப் படமெடுத்த நுண்படச் சுருள்கள் இப்போது கணினியில் உள்ளன, சிலவற்றை அவர்களுடைய மையத்துக்குப் போனால்தான் திறக்க முடியும்.

எவ்வளவு பின்னால் போகலாம்? கத்தோலிக்கப் பங்குக் கோயில்கள் பதிவு வைக்க வேண்டும் என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. லூத்தரன் ஊர்கள் சிலவற்றில் அதற்கும் முந்தைய புத்தகங்கள் உண்டு. ஆனால் 1618–1648 முப்பதாண்டுப் போர் எத்தனையோ கிராமங்களையும் அவற்றின் புத்தகங்களையும் சேர்த்து எரித்துவிட்டது. 1650 வாக்கில் பாதை முடிந்தால் அது உங்கள் தேடலின் குறை அல்ல.

வ்யூர்ட்டம்பெர்க் குடும்பங்களுக்கு ஒரு பெரிய வசதி. 1808 முதல் அங்கே பாதிரியார்கள் குடும்பப் பதிவேடு என்று தனியாக வைத்தார்கள். ஒரே பக்கத்தில் கணவன், மனைவி, இருவரின் பெற்றோர், எல்லாக் குழந்தைகளும். ஓரத்தில் "அமெரிக்காவுக்கு" என்று வருஷத்தோடு குறிப்பும் இருக்கலாம். பல ஊர்களுக்கு உள்ளூர் ஆர்வலர்கள் பதிவேடு முழுவதையும் பிரித்துக் குடும்பம் குடும்பமாக எழுதிய 'ஓர்ட்ஸ்ஃபமிலியன்புக்' நூல்களும் இருக்கின்றன. உங்கள் ஊருக்கு ஒன்று இருந்தால் பெரும் அதிர்ஷ்டம். இருந்தாலும் மூலப் பதிவை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அந்தக் கையெழுத்தைப் படிக்கவே முடியவில்லையே!

ஜெர்மன் நன்றாகத் தெரிந்த இன்றைய ஜெர்மானியர்களே பலர் அதைப் படிக்க முடியாது. அது 'குர்ரென்ட்' என்ற பழைய எழுத்துமுறை, அதன் பள்ளிக்கூட வடிவமான 'ஸ்யுட்டர்லின்' 1941 வரை கற்பிக்கப்பட்டது. அதில் சிறிய 'ஈ' பார்ப்பதற்கு 'என்' மாதிரியே இருக்கும். 'யு' எழுத்தின் மேல் ஒரு சிறு வளைவு போடுவார்கள், அதை இரட்டைப் புள்ளி என்று எண்ணிவிடக் கூடாது.

நல்ல செய்தி, பதிவுகள் எல்லாம் ஒரே அச்சில் இருக்கும்: தேதி, குழந்தை, தகப்பன், அவர் தொழில், தாய், ஞானப்பெற்றோர். இருபது முப்பது சொற்கள் தெரிந்தால் ஒரு பதிவைப் பிரித்துவிடலாம். உங்கள் குடும்பப் பெயரை அந்த எழுத்தில் நீங்களே எழுதிப் பழகுங்கள். கை பழகினால் கண் தானாகப் பிடித்துவிடும். 'டிரான்ஸ்கிரிபஸ்' போன்ற மென்பொருள்கள் உதவும், ஆனால் ஆள் பெயரிலும் ஊர் பெயரிலும் அவை தடுமாறும்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. 7 என்ற எண்ணோடு "பெர்" சேர்த்து எழுதியிருந்தால் அது செப்டம்பர், ஜூலை அல்ல. 8 என்றால் அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். கத்தோலிக்கப் புத்தகங்கள் லத்தீனில் இருப்பதால் ஹைன்ரிஷ் அங்கே ஹென்ரிக்குஸ் ஆகியிருப்பார்.

ஒரே குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளுக்கும் யோஹான் என்று பெயர். எப்படி?

முதல் பெயர் ஞானஸ்நானத்துக்கு, கூப்பிடும் பெயர் அதற்கு அடுத்தது. யோஹான் ஹைன்ரிஷ் வீட்டில் ஹைன்ரிஷ், அமெரிக்காவில் ஹென்றி. யோஹான் ஃப்ரீட்ரிஷ் அமெரிக்காவில் ஃப்ரெட். பதிவேட்டில் கூப்பிடும் பெயரை அடிக்கோடிட்டிருந்தால் வேலை சுலபம். ஆனால் 'யோஹானெஸ்' என்று முழுதாக எழுதியிருந்தால் அதுவே அழைக்கும் பெயராக இருக்க வாய்ப்பு அதிகம், அவர் இங்கே ஜான்.

ஒரு குழந்தை இறந்தால் அடுத்து பிறந்ததற்கு அதே பெயரை வைப்பார்கள். ஆகவே பெயரும் பெற்றோரும் பொருந்துகிற ஞானஸ்நானம் கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள். அந்தக் குழந்தை சின்ன வயதில் இறக்கவில்லை என்று அடக்கப் பதிவில் உறுதி செய்யுங்கள்.

வெஸ்ட்ஃபாலியாவில் பண்ணையின் பெயர்தான் குடும்பப் பெயர். பண்ணைக்கு வாரிசான பெண்ணை மணந்தவர் தன் பெயரை விட்டு அந்தப் பண்ணைப் பெயரை எடுத்துக்கொள்வார். கூடப்பிறந்த அண்ணன் தம்பி இருவர் வெவ்வேறு குடும்பப் பெயரில் கப்பலேறியது இதனால்தான். வடமேற்கு மூலையில் கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் நம் ஊரைப் போலவே பிள்ளையின் பெயரோடு தகப்பன் பெயரைச் சேர்ப்பதுதான் வழக்கமாக இருந்தது. 1811இல் நெப்போலியன் ஆட்சிதான் நிலையான குடும்பப் பெயர் வைக்கச் சொன்னது.

எங்கள் ஊர் இப்போது ஜெர்மனியில் இல்லை. தேட முடியுமா?

முடியும். பொமரேனியாவின் கிழக்குப் பகுதி, சைலீசியா, போஸன், மேற்குப் பிரஷ்யா ஆகியவை இன்று போலந்து, கிழக்குப் பிரஷ்யா போலந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையே பிரிந்தது. 'கார்ட்டென்மைஸ்டர்' தளத்தில் ஜெர்மன் பெயரைக் கொடுத்தால் இன்றைய போலிஷ் பெயர் கிடைக்கும். போலந்து அரசு ஆவணக் காப்பகங்கள் தங்கள் பதிவேடுகளை ஏராளமாக இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. பொமரேனியாவுக்கு ஷ்செச்சின், கோஷலின் காப்பகங்கள் முக்கியம். 1945இல் அழிந்த தேவாலயப் புத்தகங்கள் நிறைய, அந்த இழப்பை ஈடுகட்ட வழியில்லை. அப்படிப்பட்ட ஊர்களுக்கு 1874க்குப் பிந்தைய அரசுப் பதிவுகள்தான் கைகொடுக்கும்: அந்த ஆண்டுக்குப் பிறகு அங்கேயே இறந்த ஒரு பாட்டியின் இறப்புப் பதிவில் அவருடைய பெற்றோர் பெயர் இருக்கும். 'போமர்ஷர் கிரைஃப்' என்ற சங்கம் எந்த ஊருக்கு எது மிஞ்சியிருக்கிறது என்று விவரமாகத் தொகுத்திருக்கிறது.

அல்சாஸ் குடும்பங்கள் கொடுத்துவைத்தவர்கள். ஸ்ட்ராஸ்பூர்க், கொல்மார் காப்பகங்களின் பதிவேடுகள் இணையத்தில் இலவசம்.

கணக்கெடுப்பில் "பிறந்தது ரஷ்யா, தாய்மொழி ஜெர்மன்" என்று இருந்தால் அவர்கள் ரஷ்ய ஜெர்மானியர்கள். பேரரசி காதரின் 1763இல் விடுத்த அழைப்பை ஏற்று வோல்கா நதிக்கரையில் குடியேறியவர்களின் வாரிசுகள், அல்லது பின்னர் கருங்கடல் பக்கம் போனவர்களின் வாரிசுகள். ராணுவ விலக்கு உள்ளிட்ட சலுகைகள் 1870களில் பறிபோனதும் கான்சஸ், நெப்ராஸ்கா, டகோட்டா சமவெளிகளுக்கு வந்தார்கள். இவர்களுக்கென்றே நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் ஒரு வரலாற்றுச் சங்கம் இயங்குகிறது.

யூதக் குடும்பமாக இருந்தால்?

தேவாலயப் பதிவேட்டை விட்டுவிட்டு வேறு வழியில் போக வேண்டும். யூதர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் பாடனில் 1809, பிரஷ்யாவில் 1812, பவேரியாவில் 1813 சட்டங்களால் வந்தது. அப்போது எழுதிய பெயர்ப் பட்டியல்கள் பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் பாலம். பவேரியாவின் 1813 சட்டம் ஒவ்வோர் ஊரிலும் எத்தனை யூதக் குடும்பங்கள் இருக்கலாம் என்று உச்சவரம்பு வைத்தது. மூத்த மகனுக்கு இடம் கிடைக்கும், இளையவர்களுக்குக் கல்யாணம் செய்துகொண்டு குடும்பமாக இருக்கவே அனுமதி கிடைக்காது. புட்டென்ஹைம் கிராமத்திலிருந்து 1847இல் கிளம்பிய, ஜீன்ஸ் புகழ் லீவை ஸ்ட்ராஸின் குடும்பம் அப்படிப்பட்ட பவேரியாவிலிருந்துதான் வந்தது. நியூயார்க்கில் உள்ள லியோ பேக் நிறுவனத்தின் குடும்பத் தொகுப்புகளில் பெரும்பகுதியை இணையத்திலேயே படிக்கலாம்.

அரசுப் பதிவு அலுவலகம் எப்போது வந்தது?

பிரஷ்யாவில் 1874 அக்டோபர், பேரரசு முழுக்க 1876 ஜனவரி. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ரைன் நதியின் மேற்குக் கரையில் 1798 முதலே உண்டு. பிறப்பு 110, திருமணம் 80, இறப்பு 30 ஆண்டுகள் கடந்தபின் பதிவு காப்பகத்துக்குப் போய் எல்லோருக்கும் திறந்துவிடும். அதற்குள் வேண்டுமென்றால் நேரடி வாரிசு என்று காட்ட வேண்டும்.

1700களில் வந்தவர்களைத் தேட முடியுமா?

பென்சில்வேனியாவுக்கு வந்தவர் என்றால் ஒரு நல்ல மூலம் இருக்கிறது. 1727 முதல் பிலடெல்பியாவில் இறங்கிய 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கையொப்பப் பட்டியல்கள் அச்சிலும் வந்திருக்கின்றன. பலருக்கு அவர்கள் கைப்பட எழுதிய ஒரே எழுத்து அதுதான். பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் அதில் இல்லை. பயணக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் இறங்கியதும் சில வருஷம் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்து கடனை அடைத்தார்கள்.

அந்த 18ஆம் நூற்றாண்டில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு படித்த ஹாலே நகரிலிருந்துதான் 1742இல் மூலென்பர்க் என்ற பாதிரியார் பென்சில்வேனியா லூத்தரன்களுக்காக அனுப்பப்பட்டார். தரங்கம்பாடிக் கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் பென்சில்வேனியாக் கடிதங்களும் ஹாலேயில் ஃப்ராங்கே அறக்கட்டளையின் ஒரே காப்பகத்தில் இருக்கின்றன.

ஏன் கிளம்பினார்கள் என்று தெரிந்துகொள்ள முடியுமா?

வருஷமும் இடமும் பாதி சொல்லிவிடும். 1816–17 என்றால் தம்போரா எரிமலை வெடிப்புக்குப் பின் கோடையே வராமல் போன பஞ்சம். 1846–47 என்றால் உருளைக்கிழங்கு நோய். 1848க்கு அடுத்த சில வருஷங்கள் என்றால் தோற்ற புரட்சியும் காரணமாக இருக்கலாம், ஆனால் அரசியல் அகதிகள் எண்ணிக்கையில் சிலரே. தென்மேற்கில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நிலத்தைச் சமமாகப் பிரித்தார்கள், மூன்று தலைமுறையில் காணி துண்டு துண்டாகிச் சோறு போடாமல் போனது. பொமரேனியாவில் நேர்மாறு: நிலமெல்லாம் ஜமீன்களிடம், கிளம்பியவர்கள் நிலமில்லாத கூலிகள்.

முறைப்படி போனவர்கள் அரசிடம் அனுமதி வாங்கினார்கள். வ்யூர்ட்டம்பெர்க், பாடன் அனுமதிக் கோப்புகளை பாடன்-வ்யூர்ட்டம்பெர்க் மாநிலக் காப்பகத்தின் தரவுத்தளத்தில் தேடலாம். கடனுக்கும் கட்டாய ராணுவ சேவைக்கும் பயந்து சொல்லாமல் போனவர்களும் ஏராளம். அவர்களைப் பற்றியும் காகிதம் இருக்கும், தேடப்படுவோர் என்று. பலாட்டினேட்டின் கால்ஷ்டாட் கிராமத்திலிருந்து 1885இல் 16 வயதில் கிளம்பிய ஃப்ரீட்ரிஷ் டிரம்ப், பின்னாளில் அமெரிக்க அதிபரானவரின் தாத்தா. பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பி வாழ நினைத்தபோது, ராணுவ சேவையைத் தவிர்த்தவர் என்று சொல்லி பவேரிய அரசு 1905இல் அவரை வெளியேறச் சொன்னது. அவர் எழுதிய கருணை மனு இன்றும் இருக்கிறது.

டிஎன்ஏ சோதனை செய்தால் ஊர் தெரிந்துவிடுமா?

தெரியாது. சதவீத வரைபடத்தை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். பயன் உறவுப் பொருத்தங்களில்தான்: உங்கள் பொருத்தப் பட்டியலில் இருக்கும் தூரத்து உறவினரிடம் ஊர்ப் பெயர் எழுதிய பைபிள் இருக்கக்கூடும். வீட்டில் மூத்தவர் யாரோ அவரைச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

இணையத்தில் யாரோ ஏற்கெனவே குடும்ப மரம் போட்டிருக்கிறார்கள். அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

ஒவ்வொரு இணைப்புக்கும் ஆவணம் காட்டியிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அதைத் துப்பாக மட்டும் வையுங்கள். அதே பெயர், ஏறக்குறைய அதே வருஷம் என்பதற்காக முன்பின் தெரியாத கிராமத்து ஆளைத் தாத்தாவாக்கிய மரங்கள் நூற்றுக்கணக்கில் நகலெடுக்கப்பட்டிருக்கின்றன. பிரபு வம்சத்தில் போய் முடிகிற மரம் என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

அங்கேயே தங்கிவிட்டவர்கள் இரண்டு உலகப் போர்களில் என்ன ஆனார்கள்?

விடை எதுவாக இருந்தாலும் ஏற்கத் தயாராகிவிட்டுத் தேடுங்கள். போரில் இறந்த வீரர்களின் கல்லறைகளை ஜெர்மன் போர்க்கல்லறைச் சங்கத்தின் தளத்தில் தேடலாம். நாஜிகளால் துன்புற்றவர்கள், சிறைப்பட்டவர்கள், கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்டவர்கள் பற்றிய கோடிக்கணக்கான ஆவணங்களை பாட் ஆரோல்சன் நகரிலுள்ள ஆரோல்சன் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. ராணுவச் சேவைக் கோப்புகளும் நாஜிக் கட்சி உறுப்பினர் அட்டைகளும் ஜெர்மன் கூட்டாட்சிக் காப்பகத்திடம் உள்ளன. கிடைத்ததை மறைக்காமல் குடும்ப வரலாற்றில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதை வைத்து ஜெர்மன் குடியுரிமை கேட்கலாமா?

19ஆம் நூற்றாண்டில் வந்தவர் வழியாகப் பொதுவாக முடியாது. அன்றைய சட்டப்படி பத்தாண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்தவர், தூதரகத்தில் பதிவு செய்யாவிட்டால், குடியுரிமையை இழந்தார். அதனால் 1904க்கு முன் கிளம்பியவர்களின் வாரிசுகளுக்கு அநேகமாகக் கதவு மூடியிருக்கிறது. அதற்குப் பின் வந்தவர்களுக்கும், நாஜி ஆட்சியில் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் வாரிசுகளுக்கும் வழி உண்டு, தூதரகத்தில் கேளுங்கள்.

ஊருக்குப் போனால் என்ன பார்க்கலாம்? முன்னேற்பாடு என்ன?

மூதாதையரின் கல்லறையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஜெர்மனியில் கல்லறை இடம் 20, 30 வருஷக் குத்தகைக்குத்தான். குடும்பம் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஞானஸ்நானத் தொட்டி பெரும்பாலும் பழையதே இருக்கும். தேவாலயச் சுவரிலோ ஊர் நடுவிலோ 1914–18 போரில் இறந்தவர்களின் பெயர்ப் பலகை இருக்கும், அதில் உங்கள் குடும்பப் பெயரைத் தேடுங்கள்.

போவதற்கு இரண்டு மாதம் முன்பே சபை அலுவலகத்துக்கும் ஊர்க் காப்பகத்துக்கும் ஜெர்மன் மொழியில் சுருக்கமாக எழுதுங்கள். முழுக் கதையும் வேண்டாம். ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு கேள்வி. காப்பகங்கள் தேடித் தருவதற்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும், எவ்வளவு வரை செலவு செய்யத் தயார் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிராமத்துத் தேவாலயங்கள் வாரநாளில் பூட்டியிருக்கும். சாவி யாரிடம் என்று அந்தக் கடிதத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், உள்ளூர் வரலாற்று ஆர்வலர் யாராவது இருக்கிறாரா என்றும் கேளுங்கள்: பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பார், அமெரிக்கா போன குடும்பங்களின் பட்டியலை அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கவும் கூடும்.